இருநூற்றுப் பன்னிரண்டு சந்திப்புகள்

ரமலான் பிறை இருபத்தாறு ஆகிவிட்டது. முப்பதாவது எபிசோட் இன்னும் எழுதி முடிந்தபாடில்லை. கெய்ரோவில் தொடர் எடுக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. முதல் எபிசோட் ஊர் பூராவும் ஓடிக்கொண்டிருக்கும்போது பதினைந்தாவது படப்பிடிப்பில் இருக்கும், கடைசி எபிசோட் யாரோ ஒருவர் தலைக்குள் இருக்கும். இந்த வருஷம் அந்தத் தலை இக்லாலுடையது. அதுவோ இரண்டு நாளாக இருந்த இடத்தில் இல்லை.

இக்லாலைக் குழுவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சந்திப்பு டாக்டர்’ என்பார்கள். பிரிந்தவர்கள் சேருகிற காட்சி எந்தத் தொடரில் வந்தாலும், எழுதியவர் யாராக இருந்தாலும், கடைசியில் வைத்தியத்துக்கு அவள் மேஜைக்குத்தான் வரும். தொலைந்த மகன், சிறைக்குப் போன கணவன், வளைகுடாவுக்குப் போய்த் தகவலே இல்லாமல்போன அண்ணன், பிரசவ அறையில் மாறிப்போன குழந்தை, யாராக இருந்தாலும் சரி. ஐம்பத்தொரு வயதில் கல்யாணமும் இல்லாமல் வேறு பொழுதுபோக்கும் இல்லாமல் அவள் சேர்த்து வைத்த சொத்து ஒரு தடித்த நோட்டுதான். நாவல், நாடகம், சினிமா, வானொலி எதையும் விடாமல் இருநூற்றுப் பன்னிரண்டு சந்திப்புக் காட்சிகளை அதில் அறுத்துப் போட்டிருந்தாள். யார் முதலில் பார்க்கிறார்? யார் முதலில் பேசுகிறார்? கையில் என்ன இருக்கிறது? பார்த்ததற்கும் தொட்டதற்கும் நடுவில் எத்தனை விநாடி?

அறுத்துப் பார்த்ததில் சில விஷயங்கள் தெரிந்தன. முதலில் பார்க்கிறவர் கை ஓங்கியிருக்கும். பார்க்கப்படுகிறவர் பாவம், முகத்தைத் தயார் செய்துகொள்ள நேரமில்லாதவர். பெரிய வார்த்தை பேசினால் காட்சி அதோடு செத்தது, ‘இளைச்சுட்டியே’ என்பது போலச் சின்னதாக ஏதாவது சொன்னால் பிழைக்கும். ரயில் நிலையம் கூடவே கூடாது, பாதி அழுகையைக் கூட்டமே அழுதுவிடும். இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று மூன்று காட்சிகள் கட்டிப்பிடித்த அந்த நொடியிலேயே முடிந்துபோகின்றன. அதற்கு மேல் போனால் ‘இத்தனை வருஷம் ஏன்?’ என்று யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும். எழுதுகிறவருக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரிந்தாலும் சொல்லத் துணிவு வராது.

இன்னொன்றும் அவள் கண்டுபிடித்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. எல்லாக் கதையிலும் தப்புச் செய்தவர் திரும்பி வருகிறவர்தான். வீட்டிலேயே இருந்தவர் எப்போதும் அப்பாவி. எப்படி இப்படி என்று யோசித்தால் விடை சுலபம்: கதையை எழுதுகிறவர் வீட்டிலேயே இருந்தவர். இக்லாலுக்கு இது நன்றாகத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்பு அவளும் அதைத்தான் செய்தாள்.

இரண்டு நாளைக்கு முன் மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது.

“நான்தான். ஸனிய்யா,” என்றது குரல். “வியாழக்கிழமை அஸ்வான் வண்டில வரேன். அன்னிக்கு ராத்திரியே திரும்பறேன். ஒரு மணி நேரம் ஒதுக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

இக்லால் “அக்கா” என்று சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. பத்தொன்பது வருஷத்தில் அக்காவும் தங்கையும் பேசியது அவ்வளவுதான்.

ஸனிய்யா அவளுக்கு நான்கு வயது மூத்தவள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு இத்ரீஸ் என்ற நூபியக் கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு அஸ்வானுக்குப் போனாள். கறுத்த மாப்பிள்ளை என்று கெய்ரோவில் அவர்கள் வீடு இருந்த ஷுப்ராவில் தெருவே முகம் சுளித்தது. அப்பாவும் சுளித்தார், பேச்சை நிறுத்தினார். இரண்டு வருஷத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். அதற்கப்புறம் நான்கு வருஷம் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, மாத்திரை கொடுத்தவள் இக்லால். கடைசி வாரத்தில் அப்பா ஸனிய்யாவைக் கேட்டார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. இக்லால் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. அப்பாவை அடக்கம் செய்து மூன்றாம் நாள் ஸனிய்யா ஓடி வந்து வாசலில் நின்றபோது, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு இக்லால் சொன்னாள்: “உன்னைப் பாக்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.” ஸனிய்யா படியிறங்கிப் போனாள்.

எட்டு வருஷம் கழித்து இக்லால் அதைத் தொடராக எழுதினாள். முப்பதாவது எபிசோடில் ஓடிப்போன அக்கா வந்து தங்கை காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். நோன்பு திறந்த கையோடு நாடே உட்கார்ந்து அழுதது. இக்லாலுக்கு நல்ல பெயர் கிடைத்தது. அஸ்வானில் ஸனிய்யாவுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசித்தபோது வெட்கமாக இருந்தது. அந்த முப்பது எபிசோடில் ஒன்றே ஒன்றுதான் உண்மை. சாகப்போகிற அப்பா மகளை மூன்று தடவை கேட்கிற காட்சி. எதற்கு அதை எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆக, இப்போது சொல்லியாக வேண்டும். அப்பா கேட்டார், நான்தான் மறைத்தேன், வாசலில் சொன்னது பொய். மூன்று சின்ன வாக்கியம். சொல்லாமல் விட்டால் ஸனிய்யா அப்பன் முகம் திருப்பிக்கொண்ட மகளாகவே செத்துப்போவாள். சொன்னால் அக்கா அதோடு இல்லை. இரண்டு நாளாக இக்லால் வீட்டுக்குள் நடந்த தூரத்துக்கு அலெக்ஸாந்திரியாவே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

பயந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்வார்கள். இக்லால் சந்திப்பை எழுத உட்கார்ந்தாள். இடம், ஷுப்ரா வீடு. நேரம், நோன்பு திறப்பதற்கு அரை மணி முன்பு. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் பேச்சு தானாக நின்று ஒரு வாய் தண்ணீர் உள்ளே போகும், அது நல்ல இடைவெளி. மேஜையில் வாத்து, முலூகிய்யா கீரை, பாதாம்பருப்புச் சோறு. அக்கா ஜன்னல் பக்கம், தான் சமையலறைப் பக்கம், எழுந்து போக ஒரு சாக்கு வேண்டுமே. முதல் வசனம்: ‘உனக்கு முடி நரைக்கவே இல்லையே.’ அது மட்டும் சரியாக வரவில்லை. நரைத்திருந்தால்? ஏழு விதமாக எழுதி ஏழையும் கிழித்தாள்.

வியாழக்கிழமை காலை வாத்தை ஊற வைத்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் ஷவ்கி போன் செய்தார்.

“டாக்டர், உடனே மனியலுக்கு வாங்க. மேடம் தவ்லத் நடிக்க மாட்டேங்கறாங்க.”

“இன்னிக்கு முடியாதுன்னு முன்னாடியே சொன்னேனே.”

“மூணு நாள்ல ஒளிபரப்பு. என் தலைக்கு மேல கத்தி தொங்குது. நீங்க வாத்து கழுவறீங்க.”

“வாத்துன்னு யார் சொன்னா?”

“தண்ணி சத்தம் கேக்குது. ரமலான்ல பொம்பளை வேற எதைக் கழுவுவா? வாங்க, தாயே.”

அஸ்வான் வண்டி பகல் மூன்றுக்கு வர வேண்டும். அது மூன்றுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஐந்து மணிக்கு முன்னால் ராம்ஸேஸ் நிலையத்தில் யாரும் போய் நிற்க மாட்டார்கள். இக்லாலும் கெய்ரோக்காரிதான். நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினாள். அன்றைக்கென்று பார்த்து வண்டி சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

மனியலில் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் படப்பிடிப்பு. கூடம் முழுக்க விளக்கும் வயரும். முப்பது பேர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் முன்பு தொலைந்த மகன் கதவைத் தட்டுகிறான். தாய் கதவைத் திறந்து பார்த்து, பின்வாங்கி, பிறகு கூடத்தைத் தாண்டி ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டும். தாயாக நடிக்கிற மேடம் தவ்லத்துக்கு எழுபது வயது. சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா டாக்டர்,” என்றார் தவ்லத். “இருபது வருஷம் காத்திருந்தவ ஏன்மா ஓடணும்? நான் என்ன பஸ்ஸா பிடிக்கப் போறேன்?”

“தாய்ப்பாசம் மேடம்!” என்றார் ஷவ்கி.

“உனக்கு என்ன தெரியும் தாய்ப்பாசம்? உங்கம்மா உன்னைப் பாத்து ஓடி வந்தாளா, ஓடிப் போனாளா?”

விளக்குத் தூக்கும் ஆட்கள் சிரித்தார்கள். ஷவ்கி இக்லால் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். இக்லால் பக்கங்களைப் புரட்டினாள். எழுத்து கண்ணில் பட்டதே தவிர உள்ளே போகவில்லை. அப்போது போன் அதிர்ந்தது.

“வந்துட்டேன். ராம்ஸேஸ்ல இருக்கேன்,” என்றாள் ஸனிய்யா. “எங்க வரணும்?”

“அதுக்குள்ளயா? அக்கா, நீ வீட்டுக்குப் போ. சாவி பக்கத்து வீட்டுல…”

“அந்த வாசலுக்கு வர மாட்டேன்.” குரலில் கோபமே இல்லை, அதுதான் இக்லாலை உலுக்கியது. “அங்க ஒரு தடவை நின்னது போதும். நீ எங்க இருக்கியோ அங்க வரேன்.”

வாத்து, ஜன்னல் பக்கம், ஏழு வசனம், எல்லாம் ஒரே அடியில் போயிற்று. இக்லால் மனியல் விலாசத்தைச் சொன்னாள். சொல்லும்போது நாக்கு ஒட்டியது, நோன்பினால் மட்டும் அல்ல.

அதற்கப்புறம் அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பால்கனிக்குப் போனாள், தெருவைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். யார் முதலில் பார்ப்பார்? நான்தான் பார்க்க வேண்டும். மாடியிலிருந்து டாக்ஸி வருவது தெரியும், முகத்தைச் சரிசெய்துகொள்ள மூன்று மாடி அவகாசம் இருக்கும். இந்தச் சமயத்திலும் கணக்குப் போடுகிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஷவ்கி “டாக்டர், மானிட்டர்!” என்று கத்தினார். ஒரு டேக், இரண்டு டேக். தவ்லத் ஓடவில்லை, நடந்தார். ஷவ்கி தலையில் அடித்துக்கொண்டார்.

நான்காவது டேக்கில், திறந்த கதவுக்கு வெளியே மாடிப்படியில் நிற்கிற அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட்டத்தில் ஏதோ இடித்தது. எல்லோரும் துணை நடிகைகள், கறுப்பு உடுப்புப் போட்டு நிறுத்தியவர்கள். அவர்களில் பருத்த ஒரு பெண் மட்டும் கையில் பயணப் பையோடு நின்றாள். முந்தின ஷாட்டில் பை இல்லை. யார் இந்தத் தப்பைச் செய்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இக்லாலே வெளியே போனாள்.

“அம்மா, பை படத்துல விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னும் எங்க தள்ளி நிக்கச் சொல்றே? அஸ்வான் பத்தாதா?”

இருநூற்றுப் பன்னிரண்டு முதல் பார்வைகளை விநாடிக் கணக்கில் அளந்தவளுக்குச் சொந்த அக்காவின் முகம் தெரியவில்லை. சுற்றி நின்ற துணை நடிகைகள் இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து அசையாமல் பார்த்தார்கள்.

“பரவாயில்ல,” என்றாள் ஸனிய்யா. “நானும் நல்லா ஊதிட்டேன். உக்கார எங்கயாச்சும் இடம் இருக்கா? முட்டி வலிக்குது.”

கூடத்தின் வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள் இக்லால். அங்கே ஒப்பனைப் பெட்டிகளும் ஒரு பழைய மேஜையும் இரண்டு நாற்காலியும் இருந்தன. கட்டிப்பிடிக்கிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இனி கையை நீட்டினால் அசிங்கமாக இருக்கும். இருவரும் உட்கார்ந்தார்கள்.

“இத்ரீஸ் அண்ணன் எப்படி இருக்காரு?” என்றாள் இக்லால்.

“அண்ணனா? அப்ப வேற பேர் வச்சிருந்தே.” ஸனிய்யா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “நல்லா இருக்காரு. சக்கரை. அதை விடு. எட்டு மணிக்கு வண்டி. நான் கேக்க வந்ததைக் கேட்டுடறேன்.”

“கேளுக்கா.”

“உன் தொடர்ல இருபத்தொம்பதாம் நாள் ஒரு சீன். அப்பா மகளைக் கேக்கறாரு. மூணு தடவை கேக்கறாரு. அது நடந்ததா, நீ கட்டினதா?”

இரண்டு நாளாக இக்லால் ஒப்பித்து வைத்திருந்த மூன்று வாக்கியத்துக்கு அக்காவே கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இருபத்தைந்து வருஷம் எழுத்தில் ஊறிய நாக்கு முந்திக்கொண்டது.

“அதுக்கா… அது கதைதானே. சீன்ல அழுகை வரணும்னா எதையாவது சேப்போம்.”

எழுதுகிற எல்லோரும் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டுத் தப்பிக்கிற பதில் அது. சொல்லி முடித்ததும் இக்லாலுக்குத் தன்னைத் தானே அறைய வேண்டும் போல இருந்தது. ஸனிய்யா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். அவள் எழவில்லை.

“நான் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்,” என்றாள் ஸனிய்யா. “அந்தக் கெழவன் ‘என் ஈரல்குலையே’ன்னு அழறான். அப்பா ஜென்மத்துல அப்படிப் பேசினதில்ல. சரி, இவ புளுகறான்னு விட்டுட்டேன். அப்புறம் அதை யூடியூப்ல போட்டான். போட்டுப் போட்டுப் பாத்தேன். பதினோரு வருஷம். புள்ளைங்க சிரிக்கும்.”

“அக்கா…”

“இரு. அதுல தங்கச்சி பின்னாடி தொட்டிகிட்ட நிக்கறா. கெழவன் முதல் தடவை கேக்கும்போது கிளாஸ் கழுவறா. கழுவி, தொடச்சு, அலமாரில வைக்கறா. ரெண்டாவது தடவை கேக்கறான். அதே கிளாஸை எடுத்து மறுபடி கழுவறா. மூணாவது தடவையும் அதே கிளாஸ். தங்கச்சி நல்லவ, பாவம், ஒண்ணும் தெரியாதவ. அப்ப எதுக்கு அழுக்கே இல்லாத கிளாஸை மூணு தடவை கழுவறா?” ஸனிய்யா மேஜை மேல் குனிந்தாள். “இதை யோசிச்சு எழுத முடியாது இக்லால். இதைச் செஞ்சவதான் எழுத முடியும்.”

வெளியே ஷவ்கி “டாக்டர்! டாக்டர் எங்க?” என்று கத்துவது கேட்டது. அந்தத் தொடரைப் பற்றிப் பத்திரிகைகளில் எவ்வளவோ எழுதினார்கள், பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் ஆராய்ச்சிகூடச் செய்தாள். ஒருவர் கண்ணிலும் அந்தக் கிளாஸ் படவில்லை.

“நடந்ததுதான்,” என்றாள்.

ஸனிய்யா கைக்குட்டையை மேஜை மேல் வைத்தாள்.

“மூணு தடவை கேட்டாரு. செவ்வா, புதன், சாகறதுக்கு முந்தின நாள் காலைல. நான் யாருக்கும் சொல்லி அனுப்பல. உன்னைப் பாக்க வேண்டாம்னு அவர் சொல்லவே இல்ல. வாசல்ல சொன்னது நானா சொன்ன பொய்.”

“ஏன்?”

இருநூற்று மூன்று பேர் எழுதாமல் ஓடிப்போன கேள்வி அதுதான். இக்லாலுக்கு ஓட இடமில்லை.

“பொறாமைக்கா. வேற ஒண்ணும் இல்ல. நாலு வருஷம் நான்தான் எல்லாம் செஞ்சேன். ஒரு தடவை கூட என் பேரை அவர் கூப்பிடல. நான் பக்கத்துலயே இருந்தேனே, கூப்பிட வேண்டிய அவசியமே இல்லியே. கூப்பிட்டது உன்னை. நீ வந்து நின்னா அவர் முகம் எப்படி மாறும்னு நெனச்சுப் பாத்தேன். அதைப் பாக்க என்னால முடியாதுன்னு தோணிச்சு.”

கதவைத் தள்ளிக்கொண்டு ஷவ்கி எட்டிப் பார்த்தார். “டாக்டர், தவ்லத் மேடம் ஓடறாங்களா, நடக்கறாங்களா? சொல்லுங்க, வெளிச்சம் போகுது.”

“நடக்கட்டும். நிக்கட்டும். எது வேணா செய்யட்டும். இங்க வராதீங்க,” என்றாள் இக்லால். பத்து வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து கேட்டிராத ஷவ்கி சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஸனிய்யா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அறைவாள் என்று இக்லால் எதிர்பார்த்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“என்ன சொன்னாரு? அவர் சொன்னதை அப்படியே சொல்லு. உன் வசனம் வேண்டாம்.”

“‘அந்தப் பிடிவாதக்காரி இன்னும் வரலியா’ன்னு கேட்டாரு. வரலன்னேன். ‘மாடிப்படி லைட்டைப் போட்டு வை, அவளுக்கு இருட்டுன்னா பயம், பாதில நின்னுடுவா’ன்னாரு. அவ்வளவுதான். மூணு தடவையும் லைட்டைத்தான் சொன்னாரு. தயாரிப்பாளர் அதுல அழுகை வராதுன்னு மாத்தச் சொன்னாரு.”

ஸனிய்யாவின் வாய் திறந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

“எனக்குப் பயம்னு அவருக்குத் தெரியுமா?” என்றாள். “நான் யாருகிட்டயும் சொன்னதே இல்லியே. மையாட்டம் கிடந்த இருட்டு. நான் பாட்டுப் பாடிட்டே ஏறுவேன்.”

“அவருக்குத் தெரிஞ்சிருக்கு.”

“லைட்டைப் போட்டியா?”

“போட்டேன்,” என்றாள் இக்லால். “மூணு நாளும் போட்டேன். அதை மட்டும் செஞ்சேன்.”

“மறுபடி சொல்லு. முதல்லேருந்து.”

இக்லால் மறுபடி சொன்னாள். ஸனிய்யா நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். எத்தனை மணி இருக்கும்? கண் திறந்திருந்ததா? எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்? ஓர் இடத்தில் இக்லால், அப்பா பெருமூச்சு விட்டதாகச் சொன்னாள். ஸனிய்யா கையைத் தூக்கினாள்.

“விட்டாரா, நீ விட வச்சியா?”

“விடல,” என்றாள் இக்லால் தலை குனிந்து. “நானா சேத்துட்டேன்.”

“சேக்காதே.”

மூன்றாவது தடவை எதையும் சேர்க்காமல் சொல்லி முடித்தபோது பாங்கு கேட்டது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ பேரீச்சம்பழம் பங்கிட்டார்கள். இக்லால் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். ஸனிய்யா பிஸ்மில்லா சொல்லி இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு நான் ஊர் திரும்பறதுக்குள்ள இத்ரீஸோட ஆளுங்க துக்கப் பந்தல் போட்டுட்டாங்க,” என்றாள். “அப்பா அவங்க வீட்டுல ஒரு நாள் தண்ணி குடிச்சதில்ல. ஆனாலும் ஓதறதுக்கு ஆள் கூட்டி வந்து, சக்கரை போடாத காப்பி வச்சு, ஊரே உக்காந்திருக்கு. ‘மிச்ச ஆயுசு உனக்குச் சேரட்டும்’னு துக்கம் சொல்ல ஒவ்வொருத்தரா என்கிட்ட வராங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ‘என் முகத்தைப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டுச் செத்தவன் எனக்கு அப்பன் இல்ல, எல்லாரும் எழுந்து போங்க’ன்னு கத்தினேன். பந்தலைப் பிரிக்கச் சொன்னேன். பத்தொம்பது வருஷம், ஒருத்தரும் அந்த வார்த்தையை என்கிட்டச் சொல்ல நான் விடல.”

இக்லால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப சொல்லு,” என்றாள் ஸனிய்யா.

“நானா? எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?”

“அவரைக் கடைசியாப் பாத்தவ நீதான். வேற யார் சொல்லுவா? சொல்லு.”

இக்லால் எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு சொல்கிற வார்த்தை அல்ல அது. “மிச்ச ஆயுசு உனக்குச் சேரட்டும், அக்கா.”

“உன் ஆயுசும் நீளட்டும்,” என்றாள் ஸனிய்யா. சொல்ல வேண்டிய பதில் அதுதான். தெருவில் போகிறவர் சொன்னாலும் அதைத்தான் சொல்வார்கள்.

பிறகு அவள் அழுதாள். நடிகைகள் அழுவது போல அல்ல. தலையில் இருந்த துணி நழுவ, இரண்டு கையாலும் தொடையில் அடித்துக்கொண்டு, “அப்பா” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அப்பா இறந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை அவளுக்கு. கூடத்தில் சாப்பாட்டுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தவ்லத் கதவோரம் வந்து பார்த்து, யாரையும் உள்ளே விடாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

இக்லாலுக்கும் கண் நிறைந்து வழிந்தது. அக்காவின் தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

“நீ அழாதே,” என்றாள் ஸனிய்யா, முகத்தைத் திருப்பாமலே. “நீ அப்பவே அழுது முடிச்சுட்டே. இன்னிக்கு என் முறை.”

இக்லால் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, துக்கம் கேட்க வந்த வெளி ஆட்கள் உட்காருகிற தூரத்தில், சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.